சின்னப் படத்தைப் பெரிதாக்கி மரத்தில் சுடுவது: நாலு வருடப் பட்டறிவு

மட்டக்களப்பு கல்லடியில் வீட்டு விறாந்தையில் ஒரு பக்கத்தை மறித்து, மரத்தில் படம் சுடும் டயோட் லேசர் மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன். நாலு வருடமாகிறது. பிரியாவிடைப் பரிசு, கலியாணப் பரிசு, கடைப் பெயர்ப்பலகை என்று எல்லாம் வரும். ஆனால் கூடுதலாக வருவது இறந்தவர்களின் முகம்தான். முப்பத்தோராம் நாளுக்கு, ஆண்டுத் திவசத்துக்கு என்று வந்து நிற்பார்கள்.

மெஷினைவிட எனக்குப் பெரிய தலையிடி அவர்கள் கொண்டுவரும் படங்கள். இந்தக் கரையோரத்தில் 2004க்கு முந்திய அல்பம் வைத்திருக்கும் வீடு குறைவு, கடல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியிருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த படத்தின் ஒரு பிரதி. இல்லாவிட்டால் யாரோ சொந்தக்காரர் கலியாண வீட்டுக் குழுப்படத்தில் மூன்றாம் வரிசையில் நிற்கும் ஒரு முகம். அதை வெட்டி எடுத்தால் அகலம் 150 புள்ளி (பிக்சல்) கூடத் தேறாது.

தொடக்கத்தில் இதை எல்லாம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். பெரியகல்லாற்றிலிருந்து ஓர் அம்மா மகனின் படம் கொண்டுவந்தார். முகத்தைத் தெளிவாக்கித் தரும் இணையச் சேவை ஒன்றில் போட்டேன். அரை நிமிடத்தில் கண் இமை மயிர்வரை எண்ணக்கூடிய மாதிரி ஒரு படம் வந்தது. சந்தோஷத்தில் அப்படியே சுட்டுக் கொடுத்தேன். அவர் பலகையை மடியில் வைத்துக் கனநேரம் பார்த்தார். பிறகு, "வடிவாத்தான் இருக்கு மனே. ஆனா இது என்ட மகன் இல்ல" என்றார்.

அவர் போன பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூலப் படத்தில் இடக்கண் கொஞ்சம் சின்னது. மென்பொருள் இரண்டையும் ஒரே அளவாக்கியிருந்தது. உதட்டுக்குக் கீழிருந்த மச்சத்தை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிட்டது. காசு வாங்காமல் திரும்பச் செய்து கொடுத்தேன்.

இதில் மென்பொருளைத் திட்டிப் பயனில்லை, அதன் வேலையே அதுதான். 2021இல் வந்த, படத்தைப் பெரிதாக்கும் ரியல்-ஈஎஸ்ஆர்கான், அதே வருடம் வந்த, முகத்தைத் திருத்தும் ஜிஎஃப்பிகான் போன்றவை படத்தில் இல்லாத விபரத்தை எங்கிருந்தும் மீட்டுக் கொண்டுவருவதில்லை. பயிற்சியில் பார்த்த படங்களை வைத்து, இந்த இடத்தில் இப்படி இருக்கக்கூடும் என்று ஊகித்து நிரப்புகின்றன. சட்டைத் துணியும் தலைமயிரும் ஊகமாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. கண்ணும் வாயும் அப்படியல்ல.

இப்போது நான் பாவிப்பது அப்ஸ்கேல் என்ற பெரிதாக்கும் மென்பொருள். இலவசம். வல்கன் என்ற கிராபிக்ஸ் தொழில்நுட்பத்தை ஆதரிக்கும் கிராபிக்ஸ் கார்ட் வேண்டும், ஆனால் எல்லாம் எங்கள் கம்பியூட்டருக்குள்ளேயே நடக்கும். மற்றவர் வீட்டுச் சாவுப் படத்தை எங்கோ ஒரு சேர்வருக்கு அனுப்புவது எனக்கு இப்போது மனதுக்கு ஒப்புவதில்லை. பெரிதாக்கிய படத்தைக் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்து, மூலப் படத்தைச் சாதாரண முறையில் அதே அளவுக்கு இழுத்து மேல் அடுக்காக வைப்பேன். உடுப்பு, மயிர், பின்னணி உள்ள இடங்களில் மேல் அடுக்கை அழித்துவிடுவேன். முகத்தில் மட்டும் 60 வீதம் விடுவேன். முகம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். இருக்கட்டும், ஆள் ஆளாக இருப்பார்.

இன்னொன்றும் பிந்தித்தான் விளங்கியது: நான் நினைத்த அளவுக்குப் புள்ளிகள் தேவையே இல்லை. கோடுகளுக்கு இடையே 0.1 மில்லிமீட்டர் விட்டால் ஓர் அங்குலத்துக்கு 254 கோடு. 6க்கு 8 அங்குலப் பலகைக்கு 1524க்கு 2032 புள்ளி போதும். என் மெஷினின் சுடுபுள்ளியே ஏறக்குறைய அந்த 0.1 மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் புள்ளிக்கு மேல் புள்ளி விழுந்து மரம் கருகுமே தவிர விபரம் கூடாது.

ஆகவே பெரிதாக்க முதல் ஸ்கேன். கையில் தாள்ப் படம் இருந்தால் ஃபோனால் படமெடுத்து அனுப்ப வேண்டாம், கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிடுவேன். 35க்கு 45 மில்லிமீட்டர் பாஸ்போட் படத்தை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் பண்ணினால் 1653க்கு 2126 புள்ளி வரும். கணக்குக்கு அதுவே காணும். அத்தனை புள்ளியிலும் விபரம் இருக்காது, தாளின் சொரசொரப்பும் சேர்ந்து வரும் என்பது உண்மை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. படத்தைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு முறை ஸ்கேன் பண்ணி, நிமிர்த்தி, இரண்டையும் பாதிப் பாதியாகக் கலந்தால் சொரசொரப்பின் நிழல் ஒன்றையொன்று வெட்டிக் குறைந்துவிடும். ஃபோனிலேயே உள்ள படமென்றால் வட்ஸ்அப்பில் டொக்கியுமென்ட் ஆக அனுப்பச் சொல்வேன். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கித்தான் வந்து சேரும்.

மரம் பார்ப்பது கூர்மையை அல்ல, வெளிச்சத்தையும் இருட்டையும். கறுப்பு வெள்ளையாக்கியதும் பின்னணியை வெட்டிவிடுவேன். கிம்பில் வெளிச்ச அளவை மாற்றும் லெவல்ஸில் நடுச்சாயலைக் கண்ணுக்கு வெளிறித் தெரியும்வரை ஏற்றுவேன், ஏனென்றால் மரத்தில் எல்லாமே நினைத்ததைவிடக் கறுத்துப் போகும். வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டும் அன்ஷார்ப் மாஸ்கில் ஆரை 40, அளவு 0.3 வைத்தால் கன்னமும் மூக்கும் எழும்பி நிற்கும். எனது அனுபவத்தில் பெரிதாக்கும் மென்பொருள் செய்வதைவிட இந்த இரண்டும் செய்வது கூடுதல். பிறகு படத்தைப் பலகையின் சரியான அளவுக்குக் கொண்டுவந்து, மெஷினை இயக்கும் லைட்பேர்ன் மென்பொருளில் ஜார்விஸ் டிதரிங், அதாவது சாயல்களைக் கறுப்புப் புள்ளிகளாக உடைக்கும் முறை. டிதர் பண்ணிய படத்தைத் திரும்ப அளவு மாற்றக் கூடாது, ஜேபெக்காகச் சேமிக்கவும் கூடாது. இரண்டிலும் புள்ளிகள் குழம்பிக் கறை பிடித்த மாதிரி வரும். கறுப்புக் கிரானைட் கல்லென்றால் சுட்ட இடம் வெளிறும் என்பதால் படத்தை மறுதலையாக்க, அதாவது கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்ற வேண்டும். மறந்து ஒரு கல்லைப் பழுதாக்கினேன், அது இப்போது அம்மியடியில் கிடக்கிறது.

மரக்காலையில் கழிவாகக் கிடைக்கும் முதிரைத் துண்டு முகத்துக்கு நல்லது, நிறம் வெளிர், ரேகை மெல்லியது. தேக்கின் ரேகை நெற்றியில் குறுக்கே போனால் வெட்டுக்காயம் மாதிரித் தெரியும்.

முதல் மாரியில் இன்னொரு பாடம். கார்த்திகை மார்கழியில் சுட்டதெல்லாம் ஓரங்களில் மங்கலாக வந்தது. படத்தில்தான் பிழை என்று மூன்று மென்பொருளை மாற்றிப் பார்த்தேன். பிழை பிளைவுட்டில். ஈரம் குடித்து வளைந்திருந்தது, நடுவில் சரியாக இருந்த லேசரின் குவியம் ஓரத்தில் பிசகியது. இப்போது நாலு மூலையிலும் காந்தம் வைத்து அமத்திவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

பாடசாலைச் சின்னம், கழக லோகோ என்றால் பெரிதாக்கவே மாட்டேன். பனர் அடித்த இடத்தில் மூலக் கோப்பு இருக்கும், அதைக் கேட்பேன். இல்லையென்றால் இன்க்ஸ்கேப் மென்பொருளில் ட்ரேஸ் பண்ணி, அதாவது படத்தைக் கோடுகளாக மாற்றி, எழுத்துக்களைக் கையால் திருத்துவேன்.

சுடுவதற்கு முதல் வீட்டாருக்குப் படத்தைக் காட்டுகிறேன். மச்சம் இருந்ததா, எந்தப் பக்கம் என்றும் கேட்கிறேன், ஏனென்றால் பல ஃபோன்களில் செல்ஃபி இடம் வலம் மாறித்தான் பதிவாகியிருக்கும். போன கிழமை களுவாஞ்சிகுடியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் அக்கா வலது என்றார், தங்கச்சி இடது என்றார். கடைசியில் வீட்டுக்கு ஃபோன் போட்டு அவர்களின் அம்மாவைக் கேட்டோம். வலதுதான்.