பாட்டு பதிவாகட்டும், ஸ்கிரீன் ரீடர் குரல் வேண்டாம்: எந்த வழி யாருக்கு ஒத்துவரும்?

கணினியில் ஓடும் ஒலியைப் பதிவு செய்ய வேண்டும், ஆனால் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரின் பேச்சு அதில் விழக்கூடாது. திரையைக் கண்ணால் பார்க்கிறவர்களுக்கு இதில் என்ன சிக்கல் என்றே புரியாது. பார்வையில்லாத நமக்குப் பதிவு தொடங்கிய நொடியிலிருந்து டேப் விசையைத் தட்டினாலும் ஒரு குரல், சன்னல் மாற்றினாலும் ஒரு குரல். இணையத்தில் சிங்கப்பூர்த் தமிழ் வானொலி ஒலி 96.8 கேட்கும்போது நல்ல நேர்காணல் ஒன்று வந்தது என்று பதிந்து பெரியம்மாவுக்கு அனுப்பினால், "யாருப்பா அவன், நடுநடுவுல வந்து மணி சொல்லிட்டுப் போறான்?" என்று கேட்பார்.

வழிகள் பல இருக்கின்றன. எல்லாமே ஒரே கேள்விக்கு வெவ்வேறு பதில்கள்தான்: இரண்டு ஒலிகளையும் எந்த இடத்தில் பிரிப்பது? சவுண்ட் கார்டிலா, செயலியிலா, இடக்காது வலக்காதிலா? நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டை அதன் வழியிலேயே விட்டுவிட்டு, குரலை மட்டும் வேறு கார்டுக்கு மாற்றுவதுதான் பிறகு தலைவலி தராத வழி. ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தாது.

முதலில், சும்மா வாயை மூடச் சொல்லலாமே

செலவே இல்லாத வழி இது. இலவச ஸ்கிரீன் ரீடரான என்விடிஏவில், என்விடிஏ விசையோடு (பொதுவாக இன்செர்ட்) எஸ் அழுத்தினால் பேச்சு முறை மாறிக்கொண்டே வரும். "ஆஃப்" வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். 2024.1 பதிப்பில் "ஆன் டிமாண்ட்" என்று இன்னொரு முறையும் சேர்ந்தது. நாமாகக் கேட்டால் மட்டும் பேசும், இல்லையென்றால் மௌனம். ஐந்து நிமிடப் பாட்டுக்கு இது தாராளம். ஒரு மணி நேர நிகழ்ச்சி என்றால் கதை வேறு. நடுவில் இணையம் அறுந்ததா, பதிவு ஓடுகிறதா, விளம்பரம் வந்து மாட்டிக்கொண்டதா என்று எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்டால் பேசும், பேசினால் பதிவாகும்.

குரலுக்குத் தனி சவுண்ட் கார்டு

என்விடிஏ விசை, கண்ட்ரோல், யு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒலி அமைப்புகள் திறக்கும். அதில் ஒலி வெளியீட்டுக் கருவி என்ற பட்டியலில் வேறொரு கருவியைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தால், அந்தக் கணமே குரல் இடம் மாறிவிடும். காசு கொடுத்து வாங்கும் ஸ்கிரீன் ரீடரான ஜாஸ் வைத்திருப்பவர்களுக்கு யுடிலிட்டீஸ் மெனுவில் சவுண்ட் கார்ட்ஸ் என்றே ஒரு வரி இருக்கிறது.

வேறொரு கருவிக்கு எங்கே போவது? மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் ஏறி இறங்கினால், கட்டைவிரல் அளவு யூஎஸ்பி சவுண்ட் கார்டு பத்து இருபது வெள்ளிக்குள் கிடைக்கும். ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனையில் ஹெட்ஃபோன் துளை. விண்டோஸ் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். தனியாக டிரைவர் தேட வேண்டியதில்லை. செருகியவுடன் விண்டோஸ் அதையே இயல்புக் (டிஃபால்ட்) கருவியாக ஆக்கிவிட்டதா என்று மட்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்கியிருந்தால் பாட்டும் அங்கேயே போய்விடும், பிரித்த பயனே இல்லை.

பதிவுப் பக்கத்துக்கு ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவுச் செயலி போதும். இலவசம், என்விடிஏ, ஜாஸ் இரண்டோடும் நன்றாக ஒத்துழைக்கும். ஹோஸ்ட் என்ற இடத்தில் விண்டோஸ் வாசாபி, பதிவுக் கருவியாக, பாட்டு ஒலிக்கும் கருவியின் பெயருக்குப் பின்னால் "லூப்பேக்" என்று முடியும் வரி. அவ்வளவுதான். லூப்பேக் என்பது அந்தக் கருவிக்குப் போகும் ஒலியை அப்படியே திருப்பி எடுப்பது. குரல் அந்தக் கருவிக்கே போகவில்லை என்பதால், பதிவுக்குள் வர அதற்கு வழியே இல்லை. இந்த வழியில் எனக்குப் பிடித்தது இதுதான். எந்தச் செயலி, எந்த உலாவி, எந்தப் பதிப்பு என்று பார்க்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. அந்தக் கருவியில் ஒலிக்கும் எல்லாமே பதிவாகும். வாட்ஸ்அப் "டிங்" என்றால் அதுவும் உள்ளே. அறிவிப்புகளை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். அடுத்தது, எதுவும் ஒலிக்காத நேரத்தில் லூப்பேக் ஆடாசிட்டிக்கு எதையும் அனுப்பாது, பதிவும் அந்த இடத்திலேயே நின்றுகொள்ளும். பேச்சாளர் மூச்சு வாங்குவதெல்லாம் கெடாது, அங்கே ஒலி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் காணொளியை நிறுத்தி, பத்து விநாடி கழித்து மீண்டும் ஓட்டினால், அந்தப் பத்து விநாடி பதிவில் இருக்காது. பாதி நேரம் அது வசதிதான்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. என்விடிஏவில் ஆடியோ டக்கிங் என்று ஒன்று உண்டு. அது பேசும்போது மற்ற ஒலிகளைத் தணிக்கும். இதை அணைக்காமல் பதிந்தால் குரல் பதிவில் இருக்காது, ஆனால் அது பேசிய இடமெல்லாம் பாட்டு தணிந்து எழக்கூடும். என்விடிஏ, ஷிஃப்ட், டி. "தணிக்காதே" என்று வரும்வரை அழுத்துங்கள். யூஎஸ்பி கழன்றாலும் வம்புதான்: குரல் சொல்லாமல் கொள்ளாமல் இயல்புக் கருவிக்குத் திரும்பிவிடும், பதிவுக்குள்ளும் வந்துவிடும்.

காது இரண்டுதானே என்று கேட்பீர்கள். இரண்டு கருவி என்றால் இரண்டு ஹெட்ஃபோன். நடைமுறையில், பாட்டு மேசை ஸ்பீக்கரில், குரல் ஒற்றைக் காதில் என்று வைத்துக்கொள்வது பழகிவிடும். இரவு பதினோரு மணிக்கு வீவக அடுக்குமாடி வீட்டில் ஸ்பீக்கர் வேண்டாம் என்றால், ஒரு காதில் இந்த இயர்ஃபோன், மறுகாதில் அந்த இயர்ஃபோன். வேடிக்கையாக இருக்கும், வேலை நடக்கும். புளூடூத்தைக் குரலுக்குப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விசையைத் தட்டியபின் குரல் தாமதித்து வரும், சிலவற்றில் சொல்லின் முதல் அசை விழுங்கப்படும். பேசி முடித்தபின் கருவியை எவ்வளவு நேரம் விழித்திருக்க வைப்பது என்ற அமைப்பு என்விடிஏவில் உண்டு. அசை விழுங்குவதை அது சரிசெய்யும், தாமதத்தைச் சரிசெய்யாது.

ஓபிஎஸ்: செயலியையே பிடிப்பது

கருவியே வேண்டாம், ஒரே ஹெட்ஃபோனில் எல்லாம் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு ஓபிஎஸ் என்ற திரைப்பதிவுச் செயலி. 2022-இல் வந்த ஓபிஎஸ் 28-ஆம் பதிப்பில், விண்டோஸில் ஒரு குறிப்பிட்ட செயலியின் ஒலியை மட்டும் பிடிக்கும் வசதி சேர்ந்தது. விண்டோஸ் 10-இன் 2004 பதிப்போ அதற்குப் பிந்தியதோ வேண்டும். சோர்ஸஸ் பட்டியலில் அப்ளிகேஷன் ஆடியோ கேப்சர் என்பதைச் சேர்த்து, உங்கள் உலாவியையோ பிளேயரையோ தேர்ந்தெடுத்தால் போதும். குரல், வாட்ஸ்அப், விண்டோஸின் சொந்த மணியோசைகள் எதுவும் பதிவில் வராது. சுத்தம் என்று பார்த்தால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ஓபிஎஸ் இயல்பாகவே டெஸ்க்டாப் ஆடியோ என்று ஒன்றைத் திறந்து வைத்திருக்கும். அதில் கணினியின் மொத்த ஒலியும் வரும். செட்டிங்ஸில் ஆடியோ பகுதிக்குப் போய், குளோபல் ஆடியோ டிவைசஸ் என்பதில் டெஸ்க்டாப் ஆடியோவை டிசேபிள்ட் ஆக்கவில்லை என்றால், முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்த கதைதான். மைக்கையும் அங்கேயே அணைத்துவிடுங்கள்.

உலாவியைப் பிடித்தால் அதன் எல்லாத் தாவல்களும் சேர்ந்தே வரும். ஒன்றில் பாட்டு, இன்னொன்றில் தானாக ஓடும் விளம்பரம் என்றால் இரண்டுமே. கோப்பும் காணொளியாகத்தான் வரும், பெரும்பாலும் கறுப்புத் திரையோடு. அதிலிருந்து ஒலியை ஆடாசிட்டியில் எடுக்க எஃப்எஃப்எம்பெக் நூலகத்தையும் நிறுவ வேண்டும். ஓபிஎஸ் சன்னலுக்குள் டேப் அடித்து அலைவது எனக்கு இன்றும் எரிச்சல்தான். பதிவு தொடங்கவும் நிறுத்தவும் ஹாட்கீ வைத்துக்கொண்டால், முதல் நாள் அமைப்பு முடிந்தபின் அந்தச் சன்னலுக்கு அடிக்கடி போக வேண்டியதில்லை.

இதில் ஓர் ஆதங்கமும் உண்டு. விண்டோஸின் இந்த வசதிக்குள், "இந்தச் செயலியை மட்டும் எடு" என்பதோடு "இந்தச் செயலியைத் தவிர மற்றதையெல்லாம் எடு" என்ற முறையும் இருக்கிறது. நமக்கு வேண்டியது சரியாக அந்த இரண்டாவதுதான். ஓபிஎஸ் முதலாவதையே முன்னால் வைக்கிறது.

சவுண்ட் ஸ்ப்ளிட்: இடக்காது, வலக்காது

என்விடிஏ 2024.2-இல் வந்தது. என்விடிஏ விசையோடு ஆல்ட், எஸ் அழுத்தினால் குரல் இடப்பக்கம், மற்றச் செயலிகள் வலப்பக்கம். பதிவை ஆடாசிட்டியில் திறந்து, ஸ்டீரியோவை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கத்தைத் தூக்கி எறிந்தால் குரல் போயிற்று. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது!

ஆனால் இது ஒலிகளைக் கலப்பதில்லை. ஸ்டீரியோப் பாட்டின் இடப்பக்கத்தை அப்படியே ஊமையாக்கிவிட்டு வலப்பக்கத்தை மட்டும் தருகிறது. பழைய திரைப்பாடல்களின் சில ஸ்டீரியோ பதிப்புகளில் வயலின் ஒரு பக்கம், தபேலா மறுபக்கம் என்று இருக்கும்; பாதி வாத்தியக் குழு காணாமல் போகும். உரை, நேர்காணல், செய்தி என்றால் இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஒன்றுதான், இழப்பில்லை. இன்னொன்று: இந்த நிலையில் என்விடிஏ எதிர்பாராமல் நின்றுபோனால், செயலிகள் ஒற்றைக் காதிலேயே மாட்டிக்கொள்ளலாம். என்விடிஏவை மறுபடி ஓட்டி, இரண்டும் இரு பக்கமும் என்ற நிலைக்கு மாற்றினால் சரியாகும். ஜாஸிலும் இதேபோன்ற பிரிப்பு உண்டு.

பேச்சை மட்டும் பதிகிறவருக்கு, பைசா செலவில்லாமல், ஒரே ஹெட்ஃபோனோடு, இது நல்ல வழி. இசைக்கு வேண்டாம்.

விர்ச்சுவல் கேபிள்

விபி-கேபிள் போன்றவை இல்லாத சவுண்ட் கார்டு ஒன்றை இருப்பதுபோல் விண்டோஸுக்குக் காட்டும். வால்யூம் மிக்சரில் பிளேயரின் வெளியீட்டைக் கேபிளுக்குத் திருப்பி, கேபிளின் மறுமுனையிலிருந்து பதியலாம். பத்து ஆண்டுகளுக்கு முன் இதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். இப்போது எனக்கு இதில் ஈர்ப்பில்லை. பாட்டு கேபிளுக்குள் போய்விடுவதால் நமக்கே கேட்காது. கேட்க வேண்டுமானால் "இந்தக் கருவியைக் கேள்" என்ற அமைப்பைத் தேடிப் போட வேண்டும், அதிலும் சற்றுத் தாமதம். வேலை முடிந்ததும் பழையபடி மாற்ற மறந்தால், மறுநாள் கணினி ஊமை என்று வீட்டில் எல்லாரையும் எழுப்புவோம். இதே வகை மிக்சர் செயலியான வாய்ஸ்மீட்டரின் சன்னலோ படமாக வரைந்தது. ஸ்கிரீன் ரீடருக்கு அங்கே படிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை.

மேக் வைத்திருப்பவர்கள்

இவர்களுக்குக் கவலை குறைவு. மேக்கின் சொந்த ஸ்கிரீன் ரீடர் வாய்ஸ்ஓவர்; அதன் யுடிலிட்டியில் சவுண்ட் பகுதியில் குரலின் வெளியீட்டுக் கருவியை மாற்றலாம். ரோக் அமீபாவின் ஆடியோ ஹைஜாக் ஒரு செயலியை மட்டும் பிடித்துப் பதியும், வாய்ஸ்ஓவரோடு ஒழுங்காக வேலை செய்யும். காசு கொடுத்து வாங்க வேண்டும். இலவசமாக வேண்டுமென்றால் பிளாக்ஹோல், அதுவும் ஒரு விர்ச்சுவல் கேபிள்தான்.

காசைப் பற்றி ஒன்று

இந்த வேலைக்காக மட்டும் ஜாஸ் வாங்க வேண்டியதில்லை, என்விடிஏவே போதும். வேறு காரணத்துக்கு ஜாஸ் தேவைப்பட்டால், மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பான எஸ்ஜி எனேபிளின் அசிஸ்டிவ் டெக்னாலஜி ஃபண்டைக் கேளுங்கள். வருமானத் தகுதி பார்த்து, செலவில் 90 விழுக்காடு வரை தருவார்கள்; வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. லெங்கொக் பாருவில் உள்ள எனேபிளிங் வில்லேஜில், டெக் ஏபிள் கூடத்தில் கருவிகளைத் தொட்டும் பார்க்கலாம்.

வாசகர் வட்டத்தின் ஸூம் கூட்டத்தைப் பதிவதானால் மேலே சொன்ன எதுவுமே தேவைப்படாமல் போகலாம். நடத்துபவர் அனுமதித்தால் ஸூமின் சொந்தப் பதிவில் கூட்டத்தின் ஒலி மட்டும்தான் விழும். ஒரே நிபந்தனை, ஹெட்ஃபோன். ஸ்பீக்கரில் குரலை ஓடவிட்டால் மைக் அதைப் பிடித்துவிடும். கார்டைப் பிரித்தும் பயனில்லை, காதைப் பிரித்தும் பயனில்லை.

கடைசியாக, அலுவலக மடிக்கணினி. அங்கே விர்ச்சுவல் கேபிளுக்கான டிரைவரை நிறுவ அனுமதி கிடைக்காது, யூஎஸ்பி துளையைக்கூடப் பூட்டியிருப்பார்கள். எச்டிஎம்ஐ கம்பியில் மானிட்டர் இணைந்திருந்தால் அதில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸுக்கு அதுவும் தனி ஒலிக் கருவிதான். பாட்டை மானிட்டருக்கு அனுப்பி, என்விடிஏவை மடிக்கணினியின் இயர்ஃபோன் துளையில் நிறுத்தி, மானிட்டரின் லூப்பேக்கைப் பதியுங்கள். மானிட்டர் ஸ்பீக்கர் தகர டப்பாவில் பேசுவதுபோல் இருந்தாலும் பரவாயில்லை. லூப்பேக் ஒலியை ஸ்பீக்கருக்குப் போகும் முன்பே எடுத்துவிடுவதால் அந்த டப்பா ஓசை பதிவில் வராது.