இன்ஃபினிட்டிவ் பயிற்சிக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்? பிராஸ் பசா அலமாரியிலிருந்து ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரில் புத்தகக் கடைகள் நிறைந்த பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் தொடக்கநிலை 5, 6 மாணவர்களுக்கான ஆங்கில இலக்கணப் பயிற்சிப் புத்தகங்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. விலை பெரும்பாலும் பத்து வெள்ளிக்கு முன்னே பின்னே. அட்டையில் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) என்ற எழுத்துகள் எல்லாவற்றிலும் பெரிதாகவே தெரியும். தரத்தைத் தெரிந்துகொள்ள இன்ஃபினிட்டிவ் பாடத்தைப் புரட்டுங்கள்; 'டு கோ', 'கோ' போலக் காலம் காட்டாமல் வரும் வினை வடிவம்தான் இன்ஃபினிட்டிவ். கடையில் நின்றபடியே பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

முதலில் புத்தகத்தின் பின்பக்கம், விடைப்பகுதி. எண்ணும் விடையும் மட்டும் இருந்தால் அது திருத்துவதற்குத்தான் உதவும், கற்பதற்கு உதவாது. ஒரு விடை ஏன் சரி என்று ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.

அடுத்து பயிற்சிகள். 'ஷி வாண்ட்ஸ் டு' என்று அச்சிட்டு, பக்கத்தில் கோடு போட்டு, அடைப்புக்குறிக்குள் வினைச்சொல்லையும் கொடுத்திருந்தால் அந்தப் பக்கத்தால் பயனே இல்லை. 'டு' வருமா, வராதா, வினையின் கடைசியில் ஐஎன்ஜி ('கோயிங்' போல) வருமா என்று முடிவெடுப்பதுதான் பாடம்; அந்த முடிவைப் புத்தகமே எடுத்துவிடுகிறது. விற்பனையில் இருப்பவற்றின் பெரிய குறை இதுதான். இருபது கேள்விக்கு இருபதும் சரி என்று பிள்ளை காட்டும், தேர்வுத்தாளில் அதே பிள்ளை தடுமாறும்.

தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் எங்கே வழுக்குகிறார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 'போக விரும்புகிறேன்', 'போக முடியும்', 'போக விட்டார்' மூன்றிலும் 'போக' மாறுவதே இல்லை. ஆங்கிலத்தில் வாண்ட் வந்தால் 'டு' வேண்டும். கேன், மஸ்ட், ஷுட் வந்தால் கூடாது. லெட், மேக் வந்தால் ஆளைச் சொல்லிவிட்டு, 'டு' இல்லாமல் வினை. 'ஹி மேட் மி டு வெய்ட்' என்று எழுதும் பிள்ளையிடம் கவனமில்லை என்று கோபிப்பதில் நியாயமில்லை; 'டு' வராத இடங்களை யாரும் அதற்குத் தனியாகக் காட்டவில்லை. நல்ல புத்தகம் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி, 'ஹேட் பெட்டர்', 'உட் ராதர்' இரண்டையும் அங்கேயே சேர்த்திருக்கும். ஷுட் போன்ற பொருள் தரும் 'ஆட்' (ought) மட்டும் 'டு' கேட்கும் என்பதையும் சொல்லியிருக்கும்.

அந்தப் பக்கத்தோடு நிறுத்தியிருக்கிறார்களா, செயப்பாட்டு வினை வரை போயிருக்கிறார்களா என்றும் பாருங்கள். 'தே மேட் மி வெய்ட்' என்பதை மாற்றினால் 'ஐ வாஸ் மேட் டு வெய்ட்'. விட்டுப்போன 'டு' திரும்பி வந்துவிடுகிறது. 'வி சா ஹிம் கிராஸ் த ரோட்' என்பதும் அப்படியே 'ஹி வாஸ் சீன் டு கிராஸ் த ரோட்' ஆகும். லெட் இந்த வழிக்கு வராது. அதற்கு 'வாஸ் அலவ்ட் டு' போட வேண்டும்.

வாக்கியத்தை மாற்றி எழுதும் சிந்தசிஸ் பகுதியில் 5 கேள்விகள், 10 மதிப்பெண். இன்ஃபினிட்டிவ் தெரியாமல் அங்கே தேறுவது கடினம். 'த பாக்ஸ் வாஸ் சோ ஹெவி தட் ஹி குட் நாட் லிஃப்ட் இட்' என்பதை 'டூ' (too) வைத்து எழுதச் சொன்னால் 'த பாக்ஸ் வாஸ் டூ ஹெவி ஃபார் ஹிம் டு லிஃப்ட்' என்று வர வேண்டும். 'நாட்' போகிறது, 'ஃபார் ஹிம்' வருகிறது, கடைசி 'இட்' விழுகிறது. பாக்ஸ் ஏற்கெனவே எழுவாயாக நிற்பதால் 'இட்' மறுபடி தேவையில்லை. பிள்ளைகள் மதிப்பெண் இழக்கக்கூடிய இடம் இந்த 'இட்'. விடைப்பகுதி இதை விளக்கியிருந்தால் அந்தப் புத்தகத்தைத் தயங்காமல் எடுக்கலாம்.

'லுக் ஃபார்வர்ட் டு' இன்னொரு சோதனை. அங்கே 'டு' முன்னிடைச்சொல் (பிரிபொசிஷன்), அதனால் 'மீட்டிங்'தான் சரி, 'மீட்' தவறு. சந்தேகம் வந்தால் 'டு'வுக்குப் பின் 'இட்' வைத்துப் பார்க்கலாம். 'லுக் ஃபார்வர்ட் டு இட்' பொருந்துகிறது, ஆகவே ஐஎன்ஜி. 'டிசைடட் டு இட்' பொருந்தவில்லை, ஆகவே வெறும் வினை. இவ்வளவு எளிய வழியைக்கூடச் சொல்லாமல் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லும் புத்தகங்கள் நிறைய.

ஒரே வினைக்குப் பின் இரண்டு வடிவமும் வந்து பொருள் மாறும் இடங்களில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. 'பூட்ட மறந்தான்' என்றால் 'ஃபர்காட் டு லாக்', 'பூட்டியதை மறந்தான்' என்றால் 'ஃபர்காட் லாக்கிங்'. 'பேச நின்றாள்', 'பேசுவதை நிறுத்தினாள்' என்ற வேறுபாடு தெரிந்த பிள்ளைக்கு 'ஸ்டாப்' பாதி புரிந்தாகிவிட்டது. எந்தப் புத்தகமும் இதைத் தராது. வீட்டில் பெற்றோர்தான் சொல்லித்தர முடியும்.

'வரச் சொன்னார்' என்பதில் மட்டும் எச்சரிக்கை. 'டோல்ட் மி டு கம்' சரி, 'செட் மி டு கம்' தவறு. 'சஜஸ்ட்' வந்தால் 'மி டு' என்று தொடரவே கூடாது.

வாங்குவதானால் முதலில் தலைப்புவாரிப் புத்தகம், அதுவும் ஒவ்வொரு பாடத்துக்குப் பின்னும் கலப்புப் பயிற்சி உள்ளதாக. முழுத் தேர்வுத்தாள் தொகுப்பு பிறகு போதும். பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்கலாம். 2025இல் தேர்வு வடிவம் மாறி, இரண்டாம் தாள் 95 மதிப்பெண்ணிலிருந்து 90 ஆனது; இலக்கணம் அப்படியேதான் இருக்கிறது. பழைய புத்தகக் கடையில் வாங்கினால் பக்கங்களில் பென்சில் விடைகள் இருக்கின்றனவா என்று புரட்டிப் பாருங்கள்.

பயிற்சிக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு வாக்கியம் போதும்: 'டு' வேண்டியவை நான்கு, வேண்டாதவை நான்கு, ஐஎன்ஜி நான்கு, வரிசை கலைத்து. அச்சிட்ட 'டு' இருந்தால் திருத்த நாடாவால் மறைத்துவிட்டுக் கொடுங்கள். தவறியவற்றை மட்டும் தனி நோட்டில் முழு வாக்கியமாக எழுதவைத்து, ஒரு வாரம் கழித்து அதே வாக்கியங்களை மறுபடி கேளுங்கள்.