காசநோய்க்கு நானோ துகள் மருந்து: விழுங்குவதா, மூச்சில் இழுப்பதா?

ஐம்பது முதல் 64 கிலோ வரை எடையுள்ள காசநோயாளிக்கு இந்தியாவில் நாளொன்றுக்கு நான்கு கூட்டு மாத்திரைகள் வீதம் ஆறு மாதம் தரப்படுகின்றன. அதிலுள்ள ரிஃபாம்பிசின் என்னும் மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக் கண்டு முதல் வாரத்தில் பயந்தவர், இரண்டாம் மாதத்தில் இருமல் அடங்கிப் பசி திரும்பியதும் குணமாகிவிட்டதாக எண்ணி மாத்திரையை விட்டுவிடுகிறார். நோய் திரும்புவதும், கிருமி மருந்துக்கு அடங்காமல் போவதும் பல நேரங்களில் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

நானோ துகள்கள் எனப்படும், கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களில் மருந்தை அடைத்துக் கொடுக்கும் முயற்சி இந்தச் சிக்கலைக் குறிவைக்கிறது. காசநோய்க் கிருமி நுரையீரலின் விழுங்கு செல்களுக்குள்ளேயே குடியிருக்கிறது. அந்தச் செல்கள் அயல் துகள் எதைக் கண்டாலும் விழுங்கும் இயல்புடையவை என்பதால், மருந்து தாங்கிய துகளையும் தாமே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. துகள் மெல்லக் கரைந்து மருந்தை நாள்கணக்கில் விடுவிக்கிறது.

துகளை எதனால் செய்வது என்பதில் இரண்டு வழிகள் முன்னிற்கின்றன. ஒன்று, தானே கரையும் அறுவைத் தையல் நூலுக்குப் பயன்படும் வகையைச் சேர்ந்த பி.எல்.ஜி. என்னும் பாலிமர், மற்றொன்று கொழுப்பு. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பாலிமர் துகள்களை, மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சில் செலுத்தும் நெபுலைசர் கருவி வழியாகப் பத்து நாள்களுக்கு ஒருமுறை கினிப் பன்றிகளுக்குக் கொடுத்தபோது, ஐந்து வேளையிலேயே நுரையீரலில் கிருமி தென்படவில்லை. அதே பலனுக்கு வழக்கமான மருந்தை வாய்வழியாக 46 நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருந்தது. அதே குழுவின் பிந்தைய ஆய்வில் கொழுப்புத் துகள்களுக்கு வாரம் ஒருமுறையாக ஏழு வேளை தேவைப்பட்டது. ஐந்து வேளைக்கும் ஏழு வேளைக்கும் ஆகும் மொத்த நாள்களைக் கணக்கிட்டால் இரண்டும் ஏறத்தாழ அந்த 46 நாளையே ஒட்டி வருவதைக் கவனிக்க வேண்டும்: குறைந்தது மருந்தெடுக்கும் தடவைகளே தவிர, சிகிச்சைக் காலம் அன்று. இந்த அளவுகோலில் பாலிமரே முந்துகிறது.

மூச்சில் இழுப்பதன் பலம் வெளிப்படையானது. மருந்து நேரே நோயிடத்துக்குப் போகிறது. கொழுப்புக் குமிழிகளில் அடைத்து இழுக்கும் அமிகாசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு, காசநோய்க் கிருமியின் உறவினமான மற்றொரு மைக்கோபாக்டீரியம் உண்டாக்கும் நுரையீரல் நோய்க்காக அமெரிக்கா 2018இல் ஒப்புதல் அளித்தது. ஆனால் அதையும் தினமும் இழுத்தாக வேண்டும். மேலும், சளி கட்டிக் காற்றோட்டம் அற்றுப்போன பகுதிக்கு இழுக்கும் மருந்து சரியாகச் சென்று சேராது. முதுகெலும்பிலோ மூளையுறையிலோ உள்ள காசநோய்க்கு அது போதாது. ஒற்றை அறை வீட்டில் நெபுலைசர் வைத்து நோயாளியை இருமச் செய்வது அருகிலுள்ள குழந்தைக்கும் ஆபத்து.

ஆகவே சாதாரணக் காசநோய்க்கு, விழுங்கக்கூடிய பாலிமர் துகளே நம் நாட்டுக்குப் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. அதே சண்டிகர் குழு சுண்டெலிகளுக்கு வாய்வழியே பத்து நாள்களுக்கு ஒருமுறை கொடுத்தபோதும் ஐந்து வேளையில் கிருமி தென்படவில்லை. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டவர்கள் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் கிடந்தவர்களுக்கு ஈடாகக் குணமடைந்ததை 1950களிலேயே சென்னை ஆய்வு உலகுக்குக் காட்டியது. அந்த எளிமையை இழக்கக் கூடாது. வயிற்று அமிலத்தில், அதிலும் மற்றொரு காசநோய் மருந்தான ஐசோனியாசிடுடன் சேரும்போது, ரிஃபாம்பிசின் விரைவாகச் சிதைவதைத் துகளின் உறை தடுக்கக்கூடும் என்பது கூடுதல் நன்மை.

எனினும் பாலிமருக்கு எதிராக ஒரு கேள்வி இருக்கிறது. இன்றைய மாத்திரையால் கண் மஞ்சளாகிக் கல்லீரல் வீங்கினால், மருத்துவர் மறுநாளே மருந்தை நிறுத்திவிடலாம். பத்து நாளுக்கான மருந்து உடலுக்குள் போய்விட்ட பின் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. குடிப்பழக்கத்தால் கல்லீரல் ஏற்கெனவே நலிந்தவர்கள் காசநோயாளிகளிடையே குறைவல்லர் என்பதால், எலியில் கிடைத்த வெற்றியை மனிதரிடம் சோதிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.