ஜாக்கப், செமி, டிரில்ஷிப்: எது பத்திரம்?

திசையன்விளை, ராதாபுரம், உவரிப் பக்கத்தில் வெல்டிங்கோ பிட்டரோ படித்துவிட்டு, கடலில் எண்ணெய்க் கிணறு துளையிடும் ரிக் வேலைக்குப் போகிற பையன்கள் இப்போது அதிகம். ஏஜென்ட் சம்பளத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுவார். ஏறப்போவது எந்த மாதிரி ரிக் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். "எதில் போனால் பத்திரம் அண்ணாச்சி?" என்று கேட்பவர்களிடம் ஒற்றை வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. ஒவ்வொரு வகையும் ஒரு நிலையில் பலமாகவும் இன்னொரு நிலையில் பரிதாபமாகவும் இருக்கும்.

முதலில் ஜாக்கப். கால்களைக் கடல் தரையில் ஊன்றி, உடம்பை அலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்பது. சுமார் 120 மீட்டர் ஆழம் வரைக்கும்தான் இதற்கு வேலை. 1974-இல் மும்பைக்கு அப்பால் கடலில் பம்பாய் ஹையில் எண்ணெய் கண்டுபிடித்த சாகர் சாம்ராட் இந்த வகைதான். ஒழுங்காக ஊன்றி நின்றுவிட்டால் ஆட்டம் கிடையாது, நன்றாகத் தூங்கலாம். ஊன்றுவதில்தான் சிக்கல். கடினமான மேல்படிவத்துக்குக் கீழே இளகிய களிமண் இருந்தால், பாரம் ஏறியதும் ஒரு கால் மட்டும் திடீரென்று உள்ளே இறங்கிவிடும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றது இதற்காகவே சொன்னது போலிருக்கும். அதனால்தான் முன்கூட்டியே மண் பரிசோதனை செய்கிறார்கள். தொட்டிகளில் கடல்நீரை நிரப்பி, உடம்பைத் தண்ணீர் மட்டத்தை ஒட்டியே வைத்துக் கால்களுக்குச் சோதனைப் பாரம் ஏற்றிப் பார்த்த பிறகே மேலே தூக்குகிறார்கள்.

என் பயம் அதுகூட இல்லை. ஜாக்கப்பை இடம் மாற்றும்போது அந்த நெடிய கால்கள் எல்லாம் தளத்துக்கு மேலே வானத்தைப் பார்த்து நிற்கும். எடை முழுவதும் உச்சியில். மிதப்பதோ தட்டையான பெட்டி. 1979 நவம்பரில் சீனாவின் போஹாய் 2 இழுத்துச் செல்லப்படும்போது புயல்காற்றில் கவிழ்ந்தது. 72 பேர் இறந்தார்கள். 2011 டிசம்பரில் ஓகோட்ஸ்க் கடலில் கோல்ஸ்கயா, அதுவும் இழுவையில்தான். ஏறியிருந்தவர்கள் 67 பேர், இறந்தவர்கள் 53 பேர். முப்பத்திரண்டு வருட இடைவெளியில் அதே வகை ரிக், அதே வேலை. இழுவைக்கு அத்தனை பேர் எதற்கு என்ற கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்து செமி, அதாவது செமி-சப்மெர்சிபிள். பாண்டூன் என்ற மிதவைத் தொட்டிகளும் தூண்களும் பாதி மூழ்கியிருக்க, நங்கூரத்தாலோ கம்ப்யூட்டர் ஓட்டும் உந்திகளாலோ ஓரிடத்தில் நிற்பது. அலை வந்தாலும் ஆட்டம் குறைவு. இதன் பாதுகாப்பு விதிகளுக்குப் பெரிய விலை கொடுக்கப்பட்டிருக்கிறது, வெல்டர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துப் படிக்கலாம். 1980 மார்ச் 27, நார்வே கடல் பகுதி, அலெக்சாண்டர் கீலாண்ட். துளையிடுவதற்காகக் கட்டப்பட்டது, அப்போது தொழிலாளர் தங்குமிடமாக ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து தூண்களில் ஒன்றைப் பிடித்திருந்த டி-6 என்ற குறுக்குக் குழாயில், தண்ணீருக்கடியில் ஒலி கேட்கும் கருவியைப் பொருத்த ஒரு சின்ன வளையத்தை 6 மில்லிமீட்டர் பில்லட் வெல்டால் ஒட்டியிருந்தார்கள். முக்கியமான இணைப்பாக யாரும் நினைக்காத வெல்டு. விரிசல் அங்கேதான் தொடங்கியது. உடைந்த பரப்பைப் பிறகு சோதித்தபோது விரிசலுக்குள்ளே பெயின்ட் இருந்தது; ஆக, கட்டிய யார்டை விட்டு வெளியே வரும்போதே விரிசல் இருந்திருக்கிறது. அந்தக் குழாய் அறுந்ததும் மற்றவை வரிசையாக அறுந்தன, தூண் கழன்றது, அரை மணி நேரத்துக்குள் ரிக் கவிழ்ந்தது. இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். லைஃப்போட்டுகள் இருந்தும் பெரும்பாலானவை பயன்படவில்லை. கயிற்றில் பாரம் இருக்கும்வரை கொக்கி கழலாத அமைப்பு அது.

இரண்டு வருடம் கூட ஆகவில்லை, 1982 பிப்ரவரியில் கனடா கடலில் ஓஷன் ரேஞ்சர். தொட்டிகளில் தண்ணீரை ஏற்றி இறக்கி ரிக்கைச் சமநிலையில் வைக்கும் பேலஸ்ட் அறையின் கண்ணாடி ஜன்னலை அலை உடைத்தது, கட்டுப்பாட்டுப் பலகை நனைந்தது, வால்வுகளைக் கையால் இயக்கத் தெரியாமல் இயக்கினார்கள். 84 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

இன்றைக்கு சர்வதேச கடல்சார் அமைப்பின் மோடு கோடில், அதாவது இடம் மாறும் கடல் ரிக்குகளுக்கான விதித் தொகுப்பில், இருக்கிற பல வரிகளுக்குப் பின்னால் இந்த இரண்டு ராத்திரிகள் இருக்கின்றன. மெல்லிய குறுக்குக் குழாய் ஒன்று போனாலும் முழுக் கட்டமைப்பும் சரியக்கூடாது. பேலஸ்ட் கட்டுப்பாட்டு அறை, மிக மோசமான சேதத்திலும் தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கத்து லைஃப்போட்டுகள் எல்லாம் போனாலும் மீதியில் எல்லாரும் ஏறிக்கொள்ள இடம் வேண்டும். காற்றுக்கும் கணக்கு உண்டு: துளையிடும் நிலையில் விநாடிக்கு 36 மீட்டர், கடும்புயல் நிலையில் 51.5 மீட்டர், அதாவது மணிக்கு 185 கிலோமீட்டர். ஆடி மாதம் காவல்கிணறு, பணகுடிப் பக்கம் வண்டியை ஓரம் தள்ளுகிற காற்றைப் பார்த்தவர்களுக்கு ஒரு அளவு சொல்கிறேன்: காற்றாலைகள் பொதுவாக விநாடிக்கு 25 மீட்டரைத் தொட்டாலே தாமாக நின்றுவிடும்.

டிரில்ஷிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கப்பல்தான், நடுவில் மூன்பூல் என்ற ஓட்டை, மேலே டெரிக் என்ற துளையிடும் கோபுரம். 3,000 மீட்டர் ஆழக் கடலுக்கும் போகும். புயல் வருகிறது என்றால் கிணற்றிலிருந்து கழற்றிக்கொண்டு சொந்த இன்ஜினில் விலகி ஓடலாம் என்பது இதன் பெரிய பலம். ஓடாமல் நின்றால்? 1983-இல் குளோமர் ஜாவா சீ 81 பேரோடும், 1989-இல் தாய்லாந்து வளைகுடாவில் சீக்ரெஸ்ட் 91 பேரோடும் போயின. நம் நாட்டிலும் 2021 மே மாத டவ்தே புயலில் சாகர் பூஷண் நங்கூரம் இழந்து அலைக்கழிந்தது. நல்லவேளையாக ஆட்களை மீட்டுவிட்டார்கள்.

ஆக, வகையைவிட நான் முதலில் பார்ப்பது கட்டிய காலத்தை. 1991 மே 1 முதல் கட்டத் தொடங்கியவற்றுக்கு 1989-ஆம் வருடக் கோடு, 2012 ஜனவரி 1 முதல் தொடங்கியவற்றுக்கு 2009-ஆம் வருடக் கோடு. இரண்டு ஜாக்கப்புகள் பக்கத்தில் பக்கத்தில் புதுப் பெயின்டோடு நின்றாலும் அடியில் இருக்கிற விதி வேறாக இருக்கலாம்.

கோடு சர்டிபிகேட்டை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாகவும் இருக்க முடியாது. கிணற்றைக் கட்டுப்படுத்தும் முறை அந்தக் கோடுக்குள் வரவே வராது. அது கரையோர நாட்டின் பொறுப்பு. 2010 ஏப்ரலில் 11 பேரைப் பலிகொண்ட டீப்வாட்டர் ஹொரைசன் மிதப்பதில் தோற்ற ரிக் அல்ல, அதைத் தீர்த்தது கட்டுமீறிப் பொங்கிய கிணறு. பிரிட்டன் இந்த இடத்தில் வேறு வழியில் போகிறது. 1988-இல் பைப்பர் ஆல்ஃபா என்ற கடல் எண்ணெய் மேடையில் 167 பேர் இறந்த பிறகு, 'இந்த ரிக்கில் என்னென்ன ஆபத்து, எப்படிச் சமாளிப்பேன்' என்று நிறுவனமே எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும் என்றார்கள். அளவுகளை மட்டும் சரிபார்க்கும் முறையைவிட எனக்கு இது பிடிக்கும். நேர்மையாக எழுதினால்தான் பயன் என்றாலும். இந்தியாவில் 2008-ஆம் வருடக் கடல்சார் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன, எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககமான ஓ.ஐ.எஸ்.டி. மேற்பார்க்கிறது.

முதல் ஒப்பந்தம் என்றால் நான் மேற்குக் கரையில் நிற்கும் ஜாக்கப்பைத்தான் சொல்வேன். டிரில்ஷிப்பில் சம்பளம் கூடுதல்தான், அனுபவம் சேர்ந்த பிறகு போகலாம். ஜாக்கப்பில் ஏறியதும், ரிக்கை மிதக்கவிட்டு நகர்த்துவதற்குப் பொறுப்பான பார்ஜ் மாஸ்டரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட வேண்டும்: ரிக் மூவ் நாளில், அதாவது இடம் மாற்றும் நாளில், யார் யாரை இறக்கிவிடுவீர்கள்? இயக்கக் கையேட்டை எடுத்துக் காட்டிப் பதில் சொன்னால் பெட்டியைப் பிரிக்கலாம். "அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்றால், அந்த நாளுக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.