68,500 ரூபாய்க்குக் கழுத்தில் மாட்டிய ஹோஸ்: ஸ்கூபா போகிறவர்கள் கவனத்துக்கு

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்தேன். "லாங் ஹோஸ் செட், 7 அடி, ஃபுல் சர்வீஸ், புதுசு மாதிரி" என்று ஒரு படம். பெரிதாக்கிப் பார்த்தேன். போல்ட் ஸ்னாப் கொக்கியை ஹோஸோடு (காற்றுக் குழாயோடு) சேர்த்துக் கட்டியிருப்பது சிவப்பு நைலான் நூல். மூன்று முடிச்சு, ஒரு பக்கம் நுனி நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த முடிச்சைப் போட்டது நான். அந்த செட்டுக்கு 68,500 ரூபாய் கொடுத்ததும் நான். "செக் பண்ணித் தர்றோம்" என்று அவர்கள் திரும்ப வாங்கி வைத்து 19 நாள் ஆகிறது. இப்போது அதையே அடுத்தவர் தலையில் கட்டக் கிளம்பிவிட்டார்கள். இதற்கு மேல் பொறுமை இல்லை, எழுதுகிறேன்.

கடை பெயரைச் சொல்லப்போவதில்லை. கடலோர ஊரில் இருக்கும் ஒரு டைவ் கடை. பயிற்சியும் கொடுப்பார்கள், பழைய கருவிகளை வாங்கியும் விற்பார்கள். ஊர் பெயரைச் சொன்னாலே கடை தெரிந்துவிடும், அதனால் அதுவும் வேண்டாம்.

டைவ் அடிக்காதவர்களுக்காக இரண்டு வரி. வழக்கமான செட்டில் வாயில் ஒரு ரெகுலேட்டர் (டேங்க் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) இருக்கும், காற்று தீர்ந்த கூட்டாளிக்குக் கொடுப்பதற்கு மஞ்சள் நிற ஆக்டோ ஒன்று பக்கவாட்டில் தொங்கும். லாங் ஹோஸ் முறை இதற்கு நேர் எதிர். நீள ஹோஸோடு நம் வாயில் இருப்பதையே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் வேலை செய்கிறது என்று நிச்சயமாகத் தெரியும். பதறுகிறவன் கையும் முதலில் அங்கேதான் பாயும். நமக்கான மாற்று, தாடைக்குக் கீழே பங்கி என்ற ரப்பர் கயிற்றில் நெக்லஸ் மாதிரி தொங்கும். ஃபுளோரிடாவின் நீரடிக் குகைகளில் முக்குளித்தவர்களிடமிருந்து பரவிய வழக்கம் இது. குறுகலான இடத்தில் ஒருவர் பின்னால் ஒருவராக வெளியேற வேண்டும், அதற்குத்தான் 7 அடி. பில் ஹோகார்த் மெயின் என்ற குகை டைவரின் பெயரை வைத்து ஹோகார்த்தியன் என்றே இதைச் சொல்வார்கள்.

எனக்கு ரொம்ப நாள் ஆசை. சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் போனேன்.

நான் ஏமாந்த நொடியைச் சொல்கிறேன். கடைக்காரர் என்னை நிலைக்கண்ணாடி முன் நிறுத்தினார். "பாருங்க தம்பி" என்று ஹோஸை முதுகிலிருந்து என் வலது அக்குளுக்குக் கீழே கொண்டுவந்து, நெஞ்சுக்குக் குறுக்கே இடது தோளுக்கு ஏற்றி, பின்கழுத்தைச் சுற்றி வலப்பக்கமாக வாய்க்குக் கொண்டுவந்தார். நான்கே விநாடி. எங்கும் தொங்கவில்லை, எங்கும் இழுக்கவில்லை, தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. இவருக்குத் தொழில் தெரியும் என்று முடிவுகட்டிவிட்டேன். அங்கேயே 18,500, மறுநாள் 50,000, இரண்டும் யுபிஐயில். ஒரு நாள் நீச்சல்குளப் பயிற்சி இலவசம் என்றார். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டு ஒன்று கிழித்துக் கொடுத்தார்.

அவ்வளவு அழகாக ஏன் உட்கார்ந்தது தெரியுமா? அது 7 அடியே இல்லை. 5 அடி. 7 அடி ஹோஸ் என்றால் இடுப்பு வரை இறங்கிவிட்டுத்தான் மேலே ஏறும். இடுப்பில் விளக்கின் பேட்டரி டப்பா இருந்தால் அதன் அடியில் போகும், இல்லாவிட்டால் மிச்சத்தை மடித்து பெல்ட்டில் செருக வேண்டும். என்னிடம் செருக மிச்சமே இல்லை. எது என்னை மயக்கியதோ அதுவேதான் மோசடிக்குச் சாட்சி. எங்கம்மா ஜாக்கெட் பிட் வாங்கினாலே கடைக்காரன் ஸ்கேலை நம்பாமல் முழம் போட்டுப் பார்ப்பார். அவர் பெற்ற பிள்ளை 68,500 ரூபாய்க்கு டேப் எடுக்காமல் வாங்கி வந்தேன்.

(5 அடி தப்பு என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். ஒற்றை டேங்குக்கு 5 அடியே போதும் என்பவர்கள் இருக்கிறார்கள், சரியாகவும் இருக்கலாம். 7 என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டு 5 கொடுத்ததுதான் பேச்சு.)

பயிற்சிக்கு வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். லாங் ஹோஸை முதலில் மாட்டச் சொன்னான், அதற்கு மேல் நெக்லஸ். எனக்கு என்ன தெரியும், மாட்டினேன். தண்ணீருக்குள் அவன் "காற்று இல்லை" என்று கழுத்தை வெட்டுவதுபோல் கையால் காட்டினான். நான் வாயிலிருந்ததை எடுத்து, தலையைக் குனிந்து, கையை நீட்டினேன். ஹோஸ் வரவில்லை. பின்கழுத்தில் பங்கிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அவன் தன் பக்கம் இழுக்க இழுக்க பங்கி என் தொண்டையை இறுக்குகிறது. வாய்க்கு வர வேண்டிய மாற்று ரெகுலேட்டர் காதுப் பக்கம் போய்விட்டது. ஒரு மடக்கு குளோரின் தண்ணீர் உள்ளே. ஒன்றரை மீட்டர் ஆழம், காலை ஊன்றி எழுந்து நின்றேன். 18 மீட்டரில் எங்கே எழுந்து நிற்பது?

கரையில் இன்னொன்று. யாரும் தொடாமலே நெக்லஸ் ரெகுலேட்டரிலிருந்து "ஸ்ஸ்ஸ்" என்று காற்று கசிந்துகொண்டிருந்தது. கடைக்காரருக்கு ஃபோன் போட்டேன்.

"டேங்க் பிரஷர் கூட இருந்திருக்கும், போகப் போகச் சரியாயிடும் சார்."

கவனியுங்கள். பணம் வாங்கும்வரை தம்பி, வாங்கியபின் சார்.

வேறு ஊரில் ரெகுலேட்டர் சர்வீஸ் செய்யும் ஓர் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். மிதவை ஜாக்கெட்டுக்குக் காற்று போகும் இன்ஃபிளேட்டர் ஹோஸில் ஒரு சின்ன அழுத்த மீட்டரை மாட்டினார். ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து (டேங்கில் மாட்டி அழுத்தத்தைக் குறைக்கும் பாகம்) வரும் அழுத்தம் ஒன்பது, பத்து பாரில் ஏறி அப்படியே நிற்க வேண்டுமாம். ஒன்பதரையில் தொடங்கிய முள் நிற்காமல் நகர்ந்தது. பத்தரை, பதினொன்று, பன்னிரண்டைத் தாண்டியது. "உள்ளே காற்றை அடைக்கிற சீட் போயிடுச்சுப்பா, இதையா சர்வீஸ் பண்ணினதுன்னு சொன்னாங்க?" என்றார். பிறகு ஹோஸ் முனையில் இருந்த ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளினார். உள்ளே பித்தளை வளையத்தில் பச்சைக் களிம்பு, ஒட்டினாற்போல் ஹோஸைச் சுற்றி மயிரிழை விரிசல். ஹோஸ் மேல் அழிந்துபோன எழுத்தில் 2011.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. கடைக்காரர் அந்தமான் போயிருக்கிறார். கடைக்காரர் கடலில் இருக்கிறார். கடைக்காரர் சாப்பிடுகிறார். மூன்றாவது வாரம் நேரில் போனேன். "செக் பண்றோம், வெச்சுட்டுப் போங்க சார்" என்றார்கள். எழுதி வாங்காமல் வைத்துவிட்டு வந்தேன், அது என் இரண்டாவது முட்டாள்தனம். 7 அடி விஷயத்தைக் கேட்டதற்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "நெக்லஸ் ஹோஸையும் சேர்த்து அளந்து பாருங்க சார், ஏழு அடி வரும்."

வராது. செட்டைக் கொடுக்கும் முன்பே இரண்டையும் அளந்திருந்தேன். 150 சென்டிமீட்டரும் 56 சென்டிமீட்டரும் சேர்த்தால் 206. ஏழு அடிக்கு 213 வேண்டும். பொய்யிலும் 7 சென்டிமீட்டர் குறை.

பிறகு நீல டிக் மட்டும். எஸ்டிமேட் சீட்டின் பின்னால் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று ரப்பர் ஸ்டாம்ப் வேறு. 68,500 ரூபாயும் அவர்களிடம், செட்டும் அவர்களிடம். என்னிடம் யுபிஐ ரசீது இரண்டும், அந்த அண்ணன் எடுத்துக்கொடுத்த மீட்டர் வீடியோவும் இருக்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

லாங் ஹோஸ் வாங்குவது, மாட்டுவது, பழகுவது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, இன்னொரு நாள் பார்க்கலாம். இப்போதைக்கு: டேப் எடுத்துப் போங்கள். ரப்பர் உறையைத் தள்ளிப் பாருங்கள். அழுத்த மீட்டர் மாட்டி இரண்டு நிமிடம் முள்ளைப் பார்க்காமல் பணம் எடுக்காதீர்கள். நெக்லஸ் முதலில், லாங் ஹோஸ் கடைசியில், அதன் மேல் எதுவும் வரக்கூடாது. மாற்றிச் சொல்கிறவரிடம் கற்க வேண்டாம். பில் இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சிவப்பு நைலான் நூல், மூன்று முடிச்சு, ஒரு பக்கம் நுனி நீளம். அந்த செட்டை யாராவது உங்களுக்கு 'புதுசு மாதிரி' என்று காட்டினால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.