அறிக்கை எழுத ஏஐ: வாங்குவதா, பழக்குவதா, தேட வைப்பதா?

கடலோர ஈரநிலங்களில் வேலை செய்யும் சிறு குழு எங்களுடையது. சேற்றில் நிற்கும் நாள்களைவிட அறிக்கை எழுதும் நாள்கள்தான் அதிகம். நிதி கொடுத்தவருக்கு ஒன்று, ஆய்விதழுக்கு ஒன்று, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு ஆட்சேபணை மனு ஒன்று என்று ஒரே தரவை மூன்று விதமாக எழுத வேண்டும். போன வருடம் "நமக்கென்று ஓர் ஏஐ உதவியாளர் செய்துகொண்டால் என்ன?" என்று பேச்சு வந்தது. எனக்குக் கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி தெரியும் என்ற பாவத்துக்கு வேலை என் தலையில் விழுந்தது.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. சந்தையில் இருக்கும் சாட்பாட் ஒன்றுக்குச் சந்தா கட்டிவிடலாம். யாரும் இறக்கிப் பயன்படுத்தக்கூடிய திறந்த ஏஐ மாடல் ஒன்றை எடுத்து, எங்கள் பழைய அறிக்கைகளை ஊட்டிப் பழக்கலாம், இதுதான் ஃபைன்-டியூனிங். அல்லது மாடலைத் தொடாமல், எங்கள் ஆவணக் கிடங்கில் தேடி எடுத்த பத்திகளை அதன் முன் வைத்து "இதிலிருந்து மட்டும் எழுது" என்று சொல்லலாம். 2020-ல் வந்த ஆய்வுக் கட்டுரையொன்று இதற்கு வைத்த பெயர் 'ரிட்ரீவல்-ஆக்மென்டட் ஜெனரேஷன்', அது சுருங்கி ஆர்.ஏ.ஜி. என்று நிலைத்துவிட்டது. நாங்கள் கடைசியில் போனது மூன்றாவது வழியில். ஆகவே நான் நடுநிலையாக எழுதுகிறேன் என்று யாரும் நம்ப வேண்டாம்.

சாட்பாட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தைச் சீர்செய்வதில் கெட்டிக்காரன். மேற்கோள் கேட்டால் ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண் எல்லாம் தரும். அப்படியொரு கட்டுரைதான் இருக்காது. இது ஊருக்கே தெரிந்த கதை. அவ்வளவாகப் பேசப்படாத தொல்லை ஒன்று உண்டு. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கைகளில் 'லைக்லி' (நடக்கக்கூடும்) என்றால் 66 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு, 'வெரி லைக்லி' என்றால் 90 சதவீதத்துக்கு மேல் என்று கணக்கு இருக்கிறது. எங்கள் வரைவில் இருந்த முதல் சொல்லை, மெருகேற்றித் தந்த பிரதி சத்தமில்லாமல் இரண்டாவதாக்கியிருந்தது. வாக்கியம் என்னவோ முன்பைவிட அழகாகத்தான் இருந்தது. அதனால் அன்றே ஒரு விதி போட்டோம்: எந்த உதவியாளரும் நிச்சயத்தின் அளவைச் சொல்லும் சொற்களையும் எண்களையும் தொடக் கூடாது. தொட்டால் பழையது, புதியது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்ட வேண்டும்.

பழக்கும் வழிதான் என் முதல் காதல். ஏஐ கணக்குகளுக்கான ஜிபியு சில்லை வாடகைக்கு எடுத்து ஒரு வார இறுதி முழுக்க ஓடவிட்டு, திங்கட்கிழமை காலை திறந்து பார்த்தபோது அசந்துபோனேன். எங்கள் நடை அப்படியே வந்திருந்தது. மண் மாதிரி எடுத்த முறையை எழுதும்போது நாங்கள் எந்த வரிசையில் சொல்வோமோ அதே வரிசை. ஆனால் நடை வந்துவிட்டதென்றால் விஷயமும் வந்துவிட்டது என்று பொருளல்ல. 2022 நவம்பரில் மெட்டா வெளியிட்ட கலாக்டிகா 4.8 கோடி அறிவியல் கட்டுரைகளையும் பாடநூல்களையும் படித்துத் தேறிய மாடல். அதன் பொதுச் சோதனைப் பக்கத்தை மூன்றே நாளில் இழுத்து மூடினார்கள். அறிவியல் நடையில் பொய்யை அவ்வளவு சரளமாக எழுதியது. அத்தனை படித்ததற்கே அந்தக் கதி என்றால், எங்கள் இருநூறு அறிக்கை எந்த மூலைக்கு?

ஆனாலும் நான் அந்த வழியைக் கைவிட்டது பொய்க்காக அல்ல, பராமரிப்புக்காக. எங்கள் துறையில் உண்மைகளே தேதி போட்டு மாறுகின்றன. சர்வதேச முக்கியத்துவம் உள்ளவை என்று ராம்சர் உடன்படிக்கையில் பட்டியலிட்ட ஈரநிலங்கள், அதாவது ராம்சர் தலங்கள், தமிழ்நாட்டில் எத்தனை? 2022 தொடக்கத்தில் ஒன்றே ஒன்று, கோடியக்கரை. பள்ளிக்கரணை, பிச்சாவரம் எல்லாம் சேர்ந்து அந்த வருடம் முடிவதற்குள் 14. 2025-ல் 20. சீமைக் கருவேலத்தை எல்லோரும் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்று எழுதிக்கொண்டிருந்தோம். 2022-ல் வகைப்பாட்டாளர்கள் அதை நெல்டுமா பேரினத்துக்கு மாற்றினார்கள். மரம் அதேதான், கண்மாயும் அதேதான்.

இவையாவது பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம். சட்டத்தில் வரும் சிக்கல் வேறு மாதிரி. 2011-ன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி, ஊரகக் கடற்கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் கட்டுமானத் தடைப் பகுதி. 2019 அறிவிக்கை அந்த வகையையே இரண்டாகப் பிரித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடமென்றால் 50 மீட்டர் போதும். மற்ற இடங்களில் பழைய 200. இதோடு முடியவில்லை. ஒரு மாநிலத்தின் கடலோர மேலாண்மைத் திட்டம் புதிய அறிவிக்கைக்கு ஏற்பத் திருத்தப்படும்வரை பழையதுதான் செல்லும் என்றும் அதே 2019 அறிவிக்கை சொல்கிறது. ஆக, "எத்தனை மீட்டர்?" என்ற கேள்விக்குப் பதில் ஊரையும் தேதியையும் பொறுத்தது.

எங்கள் பழகிய மாடல் இதில் என்ன செய்தது? ஒரு நாள் 200 என்றது, மறுநாள் 50 என்றது, இரண்டையும் ஒரே தெம்போடு சொன்னது. புதிய அறிக்கைகளைச் சேர்த்து மறுபடி பழக்கினேன். 50 கொஞ்சம் அடிக்கடி வந்தது, அவ்வளவுதான். மாடலுக்குள் போய் 200 எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடி அழிக்க எனக்கு வழி தெரியவில்லை. ஆட்சேபணை மனுவில் ஓர் எண் பிசகினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறொன்றும் தேவையில்லை.

தேட வைக்கும் வழியில் இதே வேலை ஓர் எக்செல் வரி. ஒவ்வொரு ஆவணத்துக்கும் யார் வெளியிட்டது, எந்தத் தேதியில், இன்றும் செல்லுமா, எது இதை மாற்றியது, எந்த நிபந்தனையில் என்று எழுதி வைத்திருக்கிறோம். பழையதை அழிப்பதில்லை, ஏனென்றால் 2014-ல் கொடுத்த அனுமதியை 2011 விதியால்தான் அளக்க வேண்டும். கேள்வியில் ஊரும் தேதியும் இல்லையென்றால் உதவியாளர் எழுதாமல் திருப்பிக் கேட்கும். எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் கோப்பும் பக்கமும் வர வேண்டும். வராத வாக்கியம் சிவப்பில் நிற்கும். சீமைக் கருவேலத்துக்கு மாற்றுப்பெயர்ப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தது மட்டும்தான், பழைய கட்டுரைகளும் புதியவையும் சேர்ந்தே கிடைக்கின்றன.

பக்க எண் இருந்தால் எல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஐபிசிசியின் 2007 அறிக்கையிலேயே வந்தது. அதன் கீழ் மேற்கோளும் இருந்தது. பிடித்துக்கொண்டே பின்னால் போனால் ஒரு தன்னார்வ அமைப்பின் அறிக்கை, அதற்கும் பின்னால் 1999-ல் ஒரு பத்திரிகைச் செய்தி. 2010 ஜனவரியில் ஐபிசிசி வருத்தம் தெரிவித்தது. ஏஐ இல்லாத காலத்திலேயே நடந்த கூத்து இது. அதனால் எங்கள் அட்டவணையில் 'நேரடித் தரவா, எடுத்தாண்டதா' என்று இன்னொரு கட்டமும் உண்டு. அதை நிரப்புவதுதான் இருப்பதிலேயே சள்ளை பிடித்த வேலை.

வேறு தொல்லைகளும் உண்டு. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்த தமிழ் பிடிஎஃப்களைத் திறந்தால் தேடுபொறிக்கு ஆங்கில எழுத்துக் குப்பைதான் கிடைக்கிறது. படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருளைப் போட்டு, பிறகு கண்ணாலும் பார்க்க வேண்டியிருக்கிறது. நீர்த்தர அட்டவணைகளில் ஒரு பத்தி நகர்ந்தால் நைட்ரேட் அளவு ஃபுளோரைடாகிவிடும். முக்கியமான அட்டவணைகளைக் கையால் தட்டச்சு செய்தோம்.

பழக்கும் வழியை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. நடைக்கு அதையும் தரவுக்குத் தேடலையும் சேர்த்துச் செய்யலாம். ஆள் பலம் உள்ள பெரிய நிறுவனத்துக்கு அது சரிப்படலாம், நாங்கள் முயலவில்லை. அரிய பறவைகளின் கூடு இருக்கும் இடங்களை வெளி சர்வருக்கு அனுப்பாமலிருக்க, எல்லாவற்றையும் சொந்த லேப்டாப்பிலேயே இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தோம். மெதுவாக ஓடியது, இரண்டு வார அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இப்போதைக்குக் கூட்டின் ஆயத்தொலைவுகளை வெட்டிவிட்டுத்தான் கோப்பை உள்ளே விடுகிறோம். தமிழில் எழுதச் சொல்லியும் பார்த்தோம். பஞ்சாயத்துத் தலைவரிடம் கொடுக்கிற மாதிரி ஒரு பக்கம்கூட வரவில்லை. அதை இன்னும் நாங்களேதான் எழுதுகிறோம்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை அரசிதழைப் பார்த்து அட்டவணையைத் திருத்துவது எங்கள் குழுவின் இளையவர் பொறுப்பு. அவர் ஜூனில் மேற்படிப்புக்குப் போகிறார். அடுத்து யார் என்று இரண்டு கூட்டத்தில் பேசிவிட்டோம். இரண்டிலும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.