ஜெனரேட்டர் இழுக்கும் பிக்கப்புக்கு எந்த ஷாக் அப்சார்பர்? 54,000 கிலோமீட்டர் அனுபவம்

கோபிச்செட்டிபாளையத்தில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறேன். கல்யாணமோ, கோயில் நோம்பியோ, அழைப்பு வந்தால் பிக்கப்பின் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். டிரெய்லரின் மேல் 25 கே.வி.ஏ. ஜெனரேட்டர். எடைமேடையில் நிறுத்திப் பார்த்ததில் டிரெய்லரோடு சேர்த்து 1,160 கிலோ. இப்போது வண்டியில் இருக்கும் ஷாக் அப்சார்பர்களை 2022 ஜனவரியில் போட்டேன். அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் இரண்டு ஜோடியை வீணாக்கியிருந்தேன். அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் யாருக்கும் பயன்படாது.

டிரெய்லரை மாட்டியதும் வண்டியின் பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். விளக்கு வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், ஸ்டீயரிங் பிடிப்பில்லாமல் லேசாகிவிடும். கடையில் கேட்டபோது கனரக வகை என்று முரட்டு ஷாக் ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தார்கள். மாட்டிய பிறகும் அமுங்கல் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. வெறும் வண்டியில் போனால் முதுகெலும்பு நொறுங்கியது. அதைக் கழற்றிவிட்டு வழக்கமான ஜோடியை மாட்டி, கூடவே பின் அச்சின் வில் பட்டைகளோடு (லீஃப் ஸ்பிரிங்) இன்னொரு பட்டையையும் சேர்த்தேன். பின்பக்கம் ஒன்றரை அங்குலம் உயர்ந்தது. ஐந்தே மாதத்தில் இடது ஷாக்கின் மேல் வளையம் பிய்ந்து தொங்கியது.

சத்தியமங்கலம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர்தான் குறையைக் கண்டுபிடித்தார். “பாரம் தாங்குவது பட்டைங்க. அது மேலும் கீழும் ஆடுவதை அடக்குவதுதான் ஷாக்கின் வேலைங்க” என்றார். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். பட்டை சேர்த்ததில் வண்டி உயர்ந்துவிட்டது, ஷாக்கின் நீளம் மட்டும் பழையதாகவே இருந்தது. வெறும் வண்டி நிற்கும்போதே அது ஏறக்குறைய முழுதாக நீண்டிருந்தது. சக்கரம் குழியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் மேற்கொண்டு நீள இடமில்லாமல் வளையத்தில் அடி விழுந்திருக்கிறது. பெட்டியின் மேல் வண்டியின் பெயர் சரியாக இருந்தால் மட்டும் போதாது. பாரத்தோடும் பாரமில்லாமலும் ஷாக்கை மாட்டும் மேல், கீழ் போல்ட்டுகளுக்கு நடுவே அளந்து, அந்த இரண்டு அளவும் ஷாக் முழுதாகச் சுருங்குவதற்கும் முழுதாக நீள்வதற்கும் இடைப்பட்ட ஓட்டத்துக்குள் இருபுறமும் இடம் விட்டு அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

அமுங்கலுக்கான காரணம் டிரெய்லரில் இருந்தது. மஞ்சள் மூட்டை நிறுக்கும் தராசை இரவல் வாங்கி, தரையைச் சமமாக்கி, டிரெய்லரின் மூக்கை, அதாவது வண்டியோடு மாட்டும் முனையை, அதன் மேல் இறக்கினோம். 192 கிலோ! மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் மூக்கில் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. என்னுடையது அதைத் தாண்டியிருந்தது. ஜெனரேட்டரை ஏழு அங்குலம் பின்னுக்குத் தள்ளிப் புதிய துளையிட்டு முடுக்கியதும் 130 கிலோவாகக் குறைந்தது. அன்றே முன்சக்கரங்கள் தரையைப் பிடித்தன. அளவுக்கு மீறிப் பின்னே தள்ளிவிடக் கூடாது. மூக்கு லேசானால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு போல நெளியத் தொடங்கும், அது அமுங்கலைவிட ஆபத்து.

இவையெல்லாம் முடிந்த பிறகுதான் ஷாக் வாங்கப் போனேன். வெறும் எண்ணெய் ஷாக் தாளவாடிப் பக்கத்து மண் பாதைகளில் விடாமல் குலுங்கும்போது சூடேறி, உள்ளே எண்ணெயும் காற்றும் கலந்து நுரைத்து, பிடியை இழந்துவிடும். நைட்ரஜன் அழுத்தம் கொடுத்த வகையில் இந்த நுரைப்பு குறைவு. அதிலும் ஒற்றைக் குழாய், இரட்டைக் குழாய் என்று இரண்டு உண்டு. ஒற்றைக் குழாயில் வாயுவும் எண்ணெயும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும், சூடும் சீக்கிரம் வெளியேறும். நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டியாக இருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன். எனக்கோ பாதி வேலை இட்டேரியில், வேலிகளுக்கு நடுவே போகும் மண் தடத்தில். டயர் தெறிக்கும் கல் பட்டு ஒற்றைக் குழாய் நசுங்கினால் உள்ளே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாயில் வெளிக்கூடு சற்று நசுங்கினாலும் உள்குழாய் தப்பிவிடும். அதனால் குறைந்த அழுத்த வாயு நிரப்பிய இரட்டைக் குழாய் வகையில், பிஸ்டன் விட்டம் பெரியதாக, பின்பக்கத்துக்கு என் அளவுக்கேற்ற நீளத்தில் தேர்ந்தெடுத்தேன். கூலியுடன் நான்குக்கும் ரூ.11,400 ஆனது.

பொருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரப்பர் புஷ் (ஷாக்கின் வளையத்துக்குள் இருக்கும் ரப்பர் உருளை) உள்ள போல்ட்டுகளை ஜாக்கியில் வண்டி தொங்கும்போதே இறுக்கிவிடக் கூடாது. சக்கரம் தரையில் பதிந்து வண்டி தன் உயரத்தில் நின்ற பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும்.

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஜெனரேட்டரோடு பண்ணாரிக்கு இறங்கும்போது, உடைந்த சாலை வந்தால் முன்பெல்லாம் பின்பக்கம் மூன்று நான்கு முறை எழும்பும். இப்போது ஒருமுறை அமுங்கி, எழுந்து, நின்றுவிடுகிறது. விரித்த உள்ளங்கையால் டயரைத் தடவினால் மேடு பள்ளமாகத் தட்டுப்பட்ட தேய்மானமும் இல்லை. வெறும் வண்டியில் இன்னும் கொஞ்சம் முரடுதான். அது சேர்த்த பட்டையின் குணம், ஷாக்கைக் குறை சொல்ல மாட்டேன்.

மேடு பள்ளத்தில் அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தியதும் புறங்கையை நான்கு ஷாக்குகளின் அருகிலும் கொண்டுபோய்ப் பார்ப்பேன். ஆட்டத்தைச் சூடாக மாற்றுவதுதான் ஷாக்கின் வேலை என்பதால் உழைத்தது சூடாக இருக்கும். மற்றவை சுட்டு, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது செத்துவிட்டது. போன வாரம் பார்த்தபோது நான்கும் சுட்டன. வலது பின்புறத்தில் மட்டும் தண்டை ஒட்டி லேசான எண்ணெய்ப் படலம், சொட்டவில்லை. கீழ் புஷ்கள் இரண்டும் வெடிப்பு விட்டிருக்கின்றன. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் நோம்பிக்குப் போவதற்குள் அவற்றை மட்டும் மாற்றப்போகிறேன்.